கட்டடத்துக்கு ஓர் எண்

இன்று காலை எங்கள் கட்டடத்தின் படிக்கட்டடியில் இருக்கும் இரும்புப் பெட்டியை ஒருவர் திறந்தார். எல்லா வீட்டு இணைய இணைப்புகளும் வந்து கூடும் பெட்டி அது. திறந்ததும் பூச்சி உருண்டை வாசம் வந்தது. சூடான இடம் தேடி வரும் பல்லியும் கரப்பானும் உள்ளே குடித்தனம் நடத்தக்கூடாது என்று, சேலை அலுமாரிக்குப் போடுவதுபோல, கொழும்பு வெள்ளவத்தையில், தோழி, நீர் பூட்டிய ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பூச்சி உருண்டை போட்டீர். உருண்டைகள் எப்போதோ கரைந்துவிட்டன. வாசம் மட்டும் ஓய்வு பெறாமல் இருக்கிறது. பாண் வாங்கப் புறப்பட்ட நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் வேலை பார்த்த இடத்தை நிறுவனம் என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். சேலைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஓர் அறையில் இருந்து நீர் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இணையத்தை ஓட வைத்தீர். மற்ற அறையில் இருந்து நான், அது ஓடாத நேரங்களுக்காக மூன்று மொழிகளில் வருத்தம் தெரிவித்தேன். என் வேலைக்கு ஓய்வு நாள் இருந்ததில்லை. அது உம்முடைய குற்றமும் இல்லை.

இணையத்தில் சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் வேண்டும் என்பதை நீர்தான் எனக்கு விளங்கப்படுத்தினீர். அந்த எண்ணை வைத்துத்தான் உலகம் நம்மை இன்னார் என்று அறிகிறது. எண்களை முதலில் வகுத்தவர்கள் நானூறு கோடிக்குச் சற்று மேல் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். படித்தவர்கள். தங்களைப் போன்றவர்கள்தான் கணினி வைத்திருப்பார்கள் என்று நம்பினார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் எத்தனை கைபேசி இருக்கும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எண்கள் தீர்ந்தன. பிறகு, எவ்வளவு எடுத்தாலும் தீராத எண்களோடு ஒரு புதிய நெறிமுறை வந்தது. நமது நிறுவனத்துக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. கலியாணத்துக்கு வந்த கண்ணாடிப் பாத்திரங்களை விருந்தினருக்கென்று கண்ணாடி அலுமாரியில் வைத்து ஒருநாளும் எடுக்காத குடும்பத்தைப்போல, முதலாளி அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பீர்.

பற்றாக்குறைக்கு அவர் கண்ட வழி வேறு. கட்டடத்துக்கு ஒரே ஓர் எண். எல்லா வீட்டுக் கடிதமும் வாசலில் காவல் நிற்கும் வோச்சரிடம் வர, அவர் பிரித்துக் கொடுப்பதுபோல, ஒரு கருவி பிரித்துக் கொடுக்கும். வெளியுலகத்துக்குத் தெரிவது வோச்சர் மட்டும்தான். உள்ளே எத்தனை குடும்பம் என்று அதற்குத் தெரியாது.

"சேர், புதுசுக்கு மாறுவம்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னீர்.

"இப்ப வேலை செய்யுதுதானே?"

"இப்ப செய்யுது. ஒரு வீட்டில பிழை விட்டால் வெளியில இருக்கிறவன் முழுக் கட்டடத்தையும் மறிப்பான்."

"செய்யிறதைத் தொடக்கூடாது. தொட்டு ஏதும் நடந்தால் வீட்ட போறது நான் இல்லை, நீர்தான்."

அவருடைய நிர்வாகத் திறமையை நான் இன்றும் வியக்கிறேன். ஒரு முடிவும் எடுக்காமல் இவ்வளவு உறுதியாக இருந்த வேறு ஒருவரை நான் கண்டதில்லை.

பிழை வரும் என்றுதான் நீர் சொன்னீர். அது எங்கள் சனத்தின் நல்ல குணத்தால் வரும் என்று உமக்கும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை, கடலோரப் பக்கம் இருக்கும் ஒரு கட்டடத்தில் இருந்து முறைப்பாடுகள் குவிந்தன. ஒரு தூதரகத்தின் விசா இணையத்தளம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் திறக்கவில்லை. கோளாறு தூதரகத்துடையது என்று மிக அழகான கடிதம் ஒன்றை நான் எழுதி முடித்திருந்தேன். நீர் வந்து தோளுக்கு மேலால் வாசித்தீர்.

"நல்லா எழுதியிருக்கிறீர். உண்மையோ?"

"இருக்கலாம்."

"உந்தக் கடிதத்தை வையும். வாரும், போய்க் கேப்பம்."

வாசலில் வோச்சர் எங்களைப் பார்த்ததும், "லிஃப்ட் எக வெட நே, மிஸ்" என்று லிஃப்டின் மரணத்தைச் சிங்களத்தில் அறிவித்தார். நீர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினீர். நான் ஒவ்வொரு மாடியிலும் நின்று கடலை ரசித்தேன்.

முதலில் முறைப்பாடு செய்த சாந்தி அக்கா கதவைத் திறந்தா. கண் வீங்கியிருந்தது. அவவுடைய ஒரே மகள் வெளிநாட்டில், முதல் பிள்ளைக்குக் கர்ப்பமாக இருக்கிறாள். படுக்கையை விட்டு எழும்பக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கணவனுக்கு இரவு வேலை. தாய் அங்கே போக வேண்டும். அதற்குத் தூதரகத்தில் நேரம் எடுக்க வேண்டும். அந்தப் பதிவு காலையில் கொஞ்ச நேரம்தான் திறக்கும், உடனே முடிந்துவிடும்.

நான் அனுதாபமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். நீர் கதிரையை இழுத்துப் போட்டு அவவுக்கு முன்னால் இருந்தீர்.

"அக்கா, காலமை என்ன செய்தனீங்கள்? முதலில இருந்து சொல்லுங்கோ."

"நான் என்னத்தைச் செய்தனான், தங்கச்சி? எனக்கு உதெல்லாம் தெரியாது. கட்டடத்து வட்சப்பில ஒரு சொல்லுப் போட்டன். பாவம், எல்லாரும் எனக்காக அமத்தினவை. மேல்வீட்டுப் பிள்ளையள் நாலு போனில. எதிர்வீட்டில ரெண்டு லப்டொப்பில. என்னோட கதைக்காத கீழ்வீட்டு மாஸ்ரர்கூட மனிசியையும் இருத்தி அமத்தினவராம்."

"எல்லாரும் உங்கட பேரிலயோ?"

"ஓம். ஒராளுக்கெண்டாலும் கிடைக்கும்தானே?"

நீர் வாய்விட்டுச் சிரித்தீர். விசயம் அவ்வளவுதான். ஒரு கட்டடமே ஒரு தாய்க்காகக் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு விசை அமத்தியிருக்கிறது. அத்தனையும் ஒரே எண்ணில் இருந்து போயிருக்கிறது. ஒரே பெயரில் ஒரே நேரத்தில் நூறு தடவை கதவைத் தட்டும் ஒன்றை அந்த இணையத்தளம் மனிதனாக எடுத்துக்கொள்ளவில்லை. இயந்திரம் என்று முடிவு செய்து பூட்டிவிட்டது. நல்ல மனம் கொண்ட அயலவர்களையும் ஒரு கள்ள இயந்திரத்தையும் தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதாம்.

படியில் இறங்கும்போது நான் நடைமுறைக்கு ஏற்ற யோசனை ஒன்று சொன்னேன். "ஹெவ்லொக் டவுனில என்ர தமக்கை வீடு இருக்கு. வேற கம்பனி லைன். நாளைக்கு அக்காவை அங்க கூட்டிக்கொண்டு போவம்."

"அக்காவுக்குச் சரி. நாளையிண்டைக்கு இன்னொராளுக்கு நடக்கும். எல்லாரையும் உம்முடைய தமக்கை வீட்டில இருத்துவீரோ?"

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"பாத்திரத்தை அலுமாரியால எடுக்கப் போறன்."

"முதலாளி?"

"அவர் கண்டிக்குக் கலியாணத்துக்குப் போயிட்டார். உமக்குப் பயமெண்டால் கடலைப் பாத்துக்கொண்டு இரும்."

நான் பயந்தேன். ஆனாலும் உம்மோடு வந்தேன். கொட்டாஞ்சேனையில் உம்முடைய வீட்டு இணைப்பிலே அந்தப் புதிய நெறிமுறையைக் கனகாலமாக ஓட்டிப் பார்த்திருந்தீர் என்று அன்றுதான் சொன்னீர். பின்னேரம் முழுதும் வீடு வீடாக ஏறினோம். ஒவ்வொரு வீட்டிலும் ரவுட்டரின் தூசியை ஊதி, அதை மாற்றி அமைத்தீர். ஒவ்வொரு வீட்டிலும் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார்கள். உமக்குச் சீனி ஆகாது. அதனால் உம்முடையதையும் நானே குடித்தேன். அந்த மாற்றத்தில் என் பங்களிப்பு அதுதான்.

கீழ்வீட்டு மாஸ்ரர்தான் கேட்டார். "அப்ப நாளைக்கு நாங்கள் ஒருத்தரும் அமத்தக்கூடாதோ, பிள்ளை? சும்மா இருக்க ஏலாது."

"அமத்துங்கோ, மாஸ்ரர். இனி ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எண். நீங்கள் அமத்தினால் நீங்கள் அமத்தினதெண்டுதான் அங்க தெரியும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு போன் காணும், கூட வேண்டாம்."

மறுநாள் காலை நீர் அலுவலகத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தீர். உம்மை அப்படி நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. உம்முடைய சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பு ஓடியது என்று எனக்குத் தெரியும். கடைசியில் தொலைபேசி அடித்தது. மாஸ்ரர். சாந்தி அக்காவின் பெயருக்கு நேரம் எடுத்துவிட்டாராம். உடுப்புக் காயப்போடும் கம்பிக்காக வருடக்கணக்காக அவவோடு கோபத்தில் இருந்தவர். இப்போது அவவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு என்ன முறை என்று உம்மிடம் கேட்டார்.

"கதவைத் தட்டிச் சொல்லுங்கோ, மாஸ்ரர்" என்றீர்.

முதலாளி கண்டியில் இருந்து வந்து கத்தினார். உம்மை வீட்டுக்கு அனுப்புவதாகவும் சொன்னார். அனுப்பினால் அந்த நீண்ட எண்ணைத் தட்டத் தெரிந்தவர் வேறு எவருமில்லை என்பது பிறகு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு கிழமையில் எல்லாக் கட்டடங்களையும் மாற்றச் சொன்னார். நிறுவனம் தொலைநோக்கோடு முன்கூட்டியே புதிய நெறிமுறைக்கு மாறிவிட்டது என்று அறிவித்தல் எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று மொழியிலும். உம்முடைய பெயரை நான் போட்டேன், அவர் எடுத்தார். நீர் அதைப் பார்த்துவிட்டு, 'தொலைநோக்கு' என்ற சொல்லுக்கு மட்டும் நெடுநேரம் சிரித்தீர்.

களுபோவில ஆஸ்பத்திரியில் உம்மைப் பார்க்க வந்த கடைசி நாளில் நீர் மிக மெலிந்திருந்தீர். நாக்கு மெலியவில்லை.

"என்னைப் பற்றி ஒரு நாள் எழுதுவீர், எனக்குத் தெரியும். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' எண்டு எழுதினீரோ, எழும்பி வருவன்."

எழுதவில்லை. எழுதினால் வருவீர் என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

சாந்தி அக்கா பிள்ளை பிறப்பதற்கு முன்பே மகளிடம் போய்விட்டா. பேரப்பிள்ளைக்கு உம்முடைய பெயரை வைத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. எண்சாத்திரம் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒருவராலும் உச்சரிக்க முடியாது. உம்முடைய புதிய எண்களில் ஒன்றைவிடச் சற்று நீளம்.

நான் இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறேன். முறைப்பாடு வந்தால் உடனே கடிதம் எழுதுவதில்லை. போன கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு கட்டடத்துக்கு ஏறினேன். இரண்டு மாடிக்கு ஒருக்கா நின்றேன். அங்கே ரசிப்பதற்குக் கடலும் இல்லை. கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் ஒரு கருவியும் இல்லை.

"நீங்களோ திருத்தப் போறீங்கள்?"

"எனக்குத் திருத்தத் தெரியாது, ஐயா. என்ன நடந்ததெண்டு கேக்க வந்தனான். முதலில இருந்து சொல்லுங்கோ."

அவர் உள்ளே போய், எனக்கென்று ஒரு கதிரை எடுத்துக்கொண்டு வந்தார்.