தபசுக் கடையில் பார்த்த பெல்ட்

சங்கரன்கோவில், 1954 ஆகஸ்டு 22, ஞாயிறு, காலை ஒன்பதரை மணி. பட்டறையில் ரிப்பேருக்கு நிற்பவை: ஆயில் என்ஜின் இரண்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கு ஐந்து, ஸ்டவ் மூன்று.

சிரஞ்சீவி பெத்துராஜுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம், பம்பாய் மழையில் நீ நனையாமல் இருந்தால் அதுவும் எங்கள் நலத்தில் சேர்த்தி. தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டது, நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். உன் கடிதம் புதனன்று வந்தது. மில்லில் லேத் ஓட்டும் டர்னர் பயிற்சி முடிய ஏழு மாதமே இருக்கும்போது அதை விட்டுவிட்டு, சிநேகிதனோடு இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் பெல்ட் வியாபாரம் தொடங்கப்போவதாகவும், என் பதில் வந்ததும் விலகல் கடிதம் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறாய். போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தபோது ஊரே அதை வாங்கியதை நீயே பார்த்தாயாம். அங்கேதான் தப்புப் பண்ணுகிறாய். தபசுக்கு வருகிறவன் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவான். அதை வைத்து வியாபாரத்தை எடைபோடுவது, வண்டியை இறக்கத்தில் உருட்டிவிட்டு என்ஜின் நன்றாக ஓடுகிறது என்று சொல்கிற மாதிரி. இந்தத் தபசில் அதே இடத்தில், பெல்ட் விற்ற அதே கடைக்காரர் கறுப்புக் கண்ணாடி விற்றார்.

ஒரு பொருள் நிற்குமா போகுமா என்று தெரிய எனக்கு ஒரே சோதனைதான். அது கெட்டுப்போனால் வாங்கியவன் என்ன செய்கிறான் என்று பார். பனவடலிசத்திரம் வெள்ளத்துரை முந்தாநாள் நின்றுபோன கிணற்று என்ஜினை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, அண்ணாச்சி, இன்னைக்கே ஓட வச்சுத் தாரும், மொளகாச் செடி வாடுது என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். முதன்முதலில் என்ஜின் வந்தபோது, இந்தச் சத்தமெல்லாம் ரெண்டு வருசத்துக்குத்தான் என்று சிரித்தவனும் அவன்தான். ஆகப் புதுசெல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். போன தபசில் வாங்கின பெல்ட் எங்க வே என்று அவனிடமே கேட்டேன். அதுவா, பூட்டு ஒடைஞ்சு போச்சு, ஆட்டுக்குட்டியக் கட்டிப் போட்டிருக்கேன், குட்டிக்கு எடுப்பாத்தான் இருக்கு என்கிறான். வேறு வாங்கவில்லையா என்றால், இப்ப எவன் போடுதான் என்று என்னையே கேட்கிறான்.

இதுவரை எழுதியதை அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிள்ளை ஆசையாக் கேக்கான், நீங்க என்ஜின்கிட்ட பேசுத மாதிரி பேசுதீகளே என்கிறாள். அவள் சொல்வது சரி. எனக்கு முப்பத்தொன்பது வயதுதான், உன்னோடு பேசும்போது நான் அப்பனா அண்ணனா என்று எனக்கே பிடிபடுவதில்லை, பொறுமையும் கிடையாது. தடுக்கிறேன் என்று நினைக்காதே மக்கா. உன் தெருவில் போன வருஷம் பெல்ட் வாங்கிய பத்துப் பேரைக் கேள், அது போனபின் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள் என்று. பாதிப் பேர் வாங்கியிருந்தால் விலகல் கடிதத்தைக் கொடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதுவரை அது உன் பெட்டியில் இருக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கோமதியம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், நாங்களும்தான்.

நான் அடுத்துச் செய்யப்போவது:

1. இதை நாளைக் காலைத் தபாலில் சேர்ப்பது.
2. புளியங்குடி எலுமிச்சை மண்டியிலும் இதே கேள்வியைக் கேட்டு, பதில் எனக்குப் பிடிக்காவிட்டாலும் உள்ளபடி உனக்கு எழுதுவது.
3. நீ எதை முடிவு செய்தாலும் கோபமாகக் கடிதம் எழுதாமல் இருப்பது. இதற்கு அம்மா சாட்சி.
4. பட்டறையின் வடக்குச் சுவரை இடித்து ஒரு லேத் நிற்கும் அளவுக்கு இடம் எடுப்பது. நீ பெல்ட் விற்றாலும் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் இருப்பது.

உன் அப்பா,
சுயம்புலிங்கம்