மூலை கறுக்காத லென்ஸ்

அன்பு மனைவிக்கு,

உன் முதுகுவலி இப்போது தேவலையா? நான் நலம், அலுப்பு மட்டும்தான்.

கட்டடங்களைப் படமெடுக்கும் பெரிய கேமராவுக்கு அகலமாகக் காட்டும் பழைய லென்ஸ் ஒன்று தேவைப்பட்டது. கடையில் பளபளவென்று இருந்ததை எடுத்துவந்தேன். அதில் விழும் பிம்பம் பெரிய ஃபிலிமை நிரப்பவில்லை. படத்தின் மூலைகள் கறுத்துப்போயின. "அடுத்த படத்துல மூலை இல்லேன்னா நீயும் இல்ல"ன்னு முதலாளி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திரும்பப் போய், முதலில் நான் வேண்டாமென்று ஒதுக்கிய கீறல் விழுந்த லென்ஸையே மாற்றிவந்தேன். என் அறையில் சோதித்தேன். கட்டில், ஒற்றைத் தட்டு, கொடியில் சட்டை எல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிட்டன. மூலை கறுக்கவில்லை.

கேமராவில் பார்க்கும்போது தலையில் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி கிழிந்துவிட்டது. உன் பழைய கறுப்புப் புடவையை அனுப்பு.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. புடவையைத் துவைத்துவிடாதே.

உன்னவன்