கொழு படாத இடம்

கொல்லிமலை, திண்ணனூர் நாடு
ஆனி மாதம், 1964

அன்புள்ள மகன் மாணிக்கத்துக்கு உன் அப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் கடிதத்துக்கு முறை, ஆகையால் சௌக்கியம், மாடு இரண்டும் மெய்யாகவே சௌக்கியம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, விடுதிச் சோற்றில் இன்னும் கல் கிடக்கிறதா, மெட்ராஸ் வெக்கையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினால் உன் அம்மாவிடம் படித்துக் காட்ட எனக்கு ஏதாவது இருக்கும். போன கடிதத்தை நான் படித்துக் காட்டிய பிறகு அவள் என்னிடம் உப்பு, புளி தவிர வேறு பேச்சே பேசவில்லை.

கணக்கில் போய்விட்டது, செப்டம்பரில் மறுபடி எழுதச் சொல்கிறார்கள், எழுத மனசில்லை, காலேஜை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஏர் பிடிக்கிறேன், நல்லமுத்து இருந்த இடத்தில் நான் இருந்து உங்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன் தம்பி மாசியில் காய்ச்சலில் போனான், நீ வந்து மண் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பங்குனியில் பரீட்சை எழுதினாய், அதில் தேறியிருந்தால்தான் உன்னைப் பற்றி நான் பயந்திருப்பேன். கணக்கில் தோற்பது நம் குடும்பத்துக்குப் புதிதும் இல்லை, எட்டாம் வகுப்பின் மேல் இருந்த பிரியத்தால் அதை இரண்டு வருஷம் படித்தவன் நான். ஆனால் எந்தக் கேள்வியில் நின்றுபோனாய் என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னை விடாமல் அரித்தது. ஒரு பின்னத்தைக் கொடுத்து, மூன்றை நெருங்கும்போது அதன் லிமிட் என்ன என்று கேட்டிருந்தார்கள், மூன்றை வைத்துப் பார்த்தேன், மேலேயும் பூஜ்யம் கீழேயும் பூஜ்யம், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று கண்டதும் கை ஓடவில்லை, மணி அடிக்கிறவரைக்கும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன் அப்பா என்று எழுதியிருந்தாய்.

நான் சும்மா இருப்பேனா, ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு நம் பள்ளிக்கூடத்து அருணாசலம் வாத்தியாரிடம் போனேன். அவர் கதை உனக்குத் தெரியாது, பெண்சாதியை ஆசையாக மலைக்குக் கீழேயிருந்து அழைத்து வந்தார், அந்த அம்மாள் வந்த வாரமே காலில் அட்டை கடித்தது என்று பிறந்த வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை, கடித்த அட்டை வாத்தியார்தான் என்று நம் பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான், நான் சொல்லவில்லை. வாத்தியார் பழத்தை உரித்துக்கொண்டே கணக்கைச் சிலேட்டில் போட்டார். எக்ஸை எக்ஸால் பெருக்கி ஒன்பதைக் கழிக்க வேண்டும், அதை, எக்ஸில் மூன்று போனால் என்ன மிச்சமோ அதனால் வகுக்க வேண்டும். மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டே முக்கால் வைத்தார், ஐந்தே முக்கால் வந்தது. கொஞ்சம் கூட்டி மூன்றேகால் வைத்தார், ஆறேகால் வந்தது. நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் ஆறை ஒட்டிக்கொண்டே வந்தன. மூன்றையே வைத்தார், பூஜ்யத்தின் தலைமேல் பூஜ்யம் உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் விடை கிடையாது என்று நான் பெருமையாகச் சொன்னேன், அதாவது நானும் உன்னோடு சேர்ந்து பெயில். அதற்கு அவர், இல்லீங்கண்ணா, அந்த எடத்துல என்ன இருக்குதுன்னு யாரும் கேக்கலீங்க, ரெண்டு பக்கமிருந்தும் வந்தா எங்க வந்து சேருமுன்னுதான் கேக்கறாங்க, அங்க ஆளில்லாட்டியும் சேர்ற எடம் ஆறுதானுங்க என்றார். தொடர்ச்சி என்று சொல்ல வேண்டுமானால் மட்டும் அந்த இடத்தில் ஆள் இருந்தாக வேண்டுமாம், அதுவும் அந்த ஆறாகவே இருக்க வேண்டுமாம், இந்தக் கணக்கில் ஆள் இல்லாததால் அங்கே அறுந்து கிடக்கிறதாம். ஆனால் நாமே அந்த இடத்தில் ஆறைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் அறுந்தது ஒட்டிக்கொள்ளும் என்று புத்தகம் சொல்கிறதாம். இடப்பக்கம் ஒன்றுக்கும் வலப்பக்கம் வேறொன்றுக்கும் போனால்தான் எதை வைத்தாலும் ஒட்டாதாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன், தலையாட்டுவதில் நான் என்றைக்கும் முதல் மார்க்.

அதன் பிறகு மழை விழுந்தது, சாமை விதைக்க மேக்காட்டில் ஏர் பூட்டினேன். நல்லமுத்துவை வைத்த இடம் உனக்குத் தெரியும், கல்யாணமாகாத பிள்ளையைச் சொந்தக் காட்டில் வைப்பதும் அந்த இடத்தில் கலப்பையின் கொழு படாமல் உழுவதும் நம் பங்காளிகளின் வழக்கம். ஆகவே உழவுச் சால் ஓட்டி வந்து மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, கலப்பையைத் தூக்கி, மாட்டைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மறுபடி இறக்க வேண்டும். நூல் பிடித்ததுபோல் உழுவேன் என்று உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதே பீற்றிக்கொண்டவன் நான், அன்றைக்குக் கலப்பை இறக்கிய இடம் ஒரு முழம் பள்ளத்துப் பக்கம் தள்ளிப் போயிற்று. மறுசால் ஓட்டினேன், அது சரிவில் மேலே ஏறிப் போயிற்று. வரப்பில் நின்ற கருப்பண்ணன், ஏனுங் மாமா, அரைக்காடு உங்களுக்கு, அரைக்காடு பன்னிக்குன்னு பிரிச்சு ஓட்டறீங்களா என்று கேட்டான். மூடுபனியில் கண் தெரியவில்லை என்றேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விட்டான். கருப்பண்ணன் பேசாமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, பயமாக இருந்தது.

கூழ் கொண்டுவந்தாள் உன் அம்மா. மாசிக்குப் பிறகு அந்தக் காட்டுப் பக்கமே வராதவள், எப்போதும் வழியிலேயே வைத்துவிட்டுக் கூப்பிடுகிறவள், அன்றைக்குக் கலயத்தை வரப்பில் வைத்துவிட்டு, நான் கோணலும் மாணலுமாக ஓட்டி வைத்திருந்ததைப் பார்த்தாள். நேரே நடந்துபோய் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். நா இங்க நிக்கறனுங்க, என்னையப் பாத்து ஓட்டுங்க என்றாள். இத்தனை வருஷமாக உன்னைப் பார்த்து ஓட்டித்தான் எல்லாம் கோணலாயிற்று என்று சொல்ல வந்தவன் மாட்டைத் தட்டினேன். அவள் முகத்தைப் பார்த்தே ஓட்டினேன், மேட்டருகில் தூக்கினேன், அவள் காலடியில் இறக்கினேன், அவள் விலகிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் இந்தப் பக்கத்துச் சாலும் அந்தப் பக்கத்துச் சாலும் ஒரே கோட்டில் கிடந்தன, நடுவில் நம் பையன் இருந்தான். கொழுவே படாத அந்த மண்ணில் சால் எந்த இடத்தில் போயிருக்கும் என்று எந்தக் குருடனும் விரல் வைத்துக் காட்டிவிடுவான். மணி அடிக்கிறவரைக்கும் நீ பார்த்துக்கொண்டிருந்த தாளில் கேட்டது இவ்வளவுதான் சாமி.

அதோடு விட்டிருக்கலாம். வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை, புத்தகம் சொன்னதை அவளிடம் சொன்னேன், இல்லாத இடத்தில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் அறுந்தது ஒட்டிக்கொள்ளுமாம், பெரியவனும் அதற்குத்தான் வருகிறேன் என்கிறானோ என்னவோ என்றேன். உண்மையைச் சொன்னால், வந்துவிடு கண்ணு என்று உனக்கு எழுத எனக்குள் பாதி ஆள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தான். அவள் கலயத்தைக் கழுவினாள், கழுவினதையே மறுபடி கழுவினாள். அந்தப் புஸ்தகம் எழுதுனவரு புள்ளையப் பொதைச்சிருக்க மாட்டாருங்க என்றாள். அப்புறம், சின்னவன் எடத்துல பெரியவனக் கொண்டாந்து வெச்சா எனக்கு ரெண்டு பேருமே இல்லாமப் போயிருவாங்க, அவன் எடம் அப்படியே கெடக்கட்டும், இவன் இவனோட எடத்துல இருக்கட்டும், எழுதிப் போடுங்க என்றாள். அவள் சொல்லித்தான் எழுதுகிறேன், எனக்குள் இருக்கும் அந்தப் பாதி ஆளைக் கேட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருக்கும்.

இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லி உன்னைத் தடுக்க நினைக்கவில்லை. சரியாகவில்லை. உன் அம்மா இன்னும் மூன்று பேருக்கு அளந்துதான் சாமை குத்துகிறாள், மிஞ்சுகிற சோற்றைத் தின்று கருப்பண்ணன் வீட்டுக் கோழிகள் நடக்கமுடியாமல் கொழுத்துக் கிடக்கின்றன. குச்சிக்கிழங்குக் காட்டுக்கு அவனே ஏர் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான், கூலி வேண்டாமாம், நான் மூடுபனி என்று சொன்னதை ஊரில் சொல்லிக்கொள்ள அனுமதித்தால் போதுமாம், சரி என்றுவிட்டேன். அதனால் ஆளில்லாமல் காடு கிடக்கிறது என்று நீ மூட்டை கட்ட வேண்டாம். வருவதானால் பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வா, வந்து தின்றுவிட்டுத் தூங்கு, அம்மாவின் எதிரே உட்கார்ந்திரு, அது போதும். பரீட்சையில் அந்த மாதிரிக் கேள்வி வந்தால் புத்தகம் சொல்கிறபடியே எழுது, அந்த இடத்தில் ஆறை வைத்தால் தொடர்ச்சி வந்துவிடும் என்று ஓர் அட்சரம் பிசகாமல் எழுது, மார்க் போடுகிறவரிடம் உன் அம்மா சொன்னதைச் சொல்லாதே. மேக்காட்டில் அந்த இடம் சும்மாதான் கிடக்கும், அதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறோம்.

அறப்பளீசுவரன் உனக்கு ஆயுசை மட்டும் குறைவில்லாமல் கொடுக்கட்டும், மற்ற எதையும் இந்த வருஷம் நாங்கள் கேட்பதாக இல்லை. செப்டம்பர் பரீட்சைக்குப் பேர் கொடுத்துவிட்டேன் என்று ஒரு கார்டு போடு, மறந்துவிடாதே, அது வருகிறவரைக்கும் உன் அம்மா தபால்காரரை வழிமறித்துக்கொண்டேதான் இருப்பாள்.

எழுத்து கோணலாக இருந்தாலும் எழுதினது
உன் அப்பன்
காளியண்ணன்
பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பது உன் அம்மா சின்னாயி