காலும் வாசிக்கிற வாத்தியம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. மொட்டை மாடியில் எதிர்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "பேத்தி என்னக்கா படிக்கிறா?" மருந்துப் படிப்பு என்றேன். இன்னும் மூன்று வருடத்தில் வெள்ளைக் கோட்டு என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

உண்மையில் இன்னும் அது முடிவாகவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலில் எல்லாப் பாடத்தையும் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். இரண்டாம் வருடம்தான், இதுதான் என் படிப்பு என்று சொல்ல வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டுமாம். எங்கள் வீட்டில் அவள் பிறந்தபோதே சொல்லியாகிவிட்டது.

மகன் மருந்து வண்டி ஓட்டுகிறான். கடை கடையாகப் பெட்டி இறக்குகிறான். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தருவார்களாம். தன் மகள் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், வண்டி ஓட்டி வருகிறவனை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

பிப்ரவரி 7, சனி

பேத்தி விடுதியிலிருந்து வந்தாள். வந்தால் வாய் ஓயாது. அங்கே பத்து மணிக்கு மணி அடித்ததும் வகுப்பெல்லாம் நின்றுவிடுமாம். இஷ்டப்பட்டவர்கள் சிற்றாலயத்துக்குப் போகலாம். லுத்தரன் என்கிற கிறிஸ்தவச் சபை நடத்துகிற இடம். நாங்கள் அந்தச் சபை இல்லை, ஆனால் நீ யார் என்று இதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. புதன்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் சூப்பும் ரொட்டியும் உண்டு. வாத்தியார்கள்தான் பரிமாறுவார்கள்.

"போன வாரம் எங்க கெமிஸ்ட்ரி சார் பாத்திரம் தேய்ச்சாரு பாட்டி."

"நல்லா தேய்ச்சாரா?"

"அடிப்பிடிச்சது அப்படியே இருந்துச்சு."

சிரித்து முடிப்பதற்குள் குரலை இறக்கினாள். ஒரு வருடமாக ஆர்கன் கற்றுக்கொள்கிறாளாம். கையால் மட்டும் இல்லை, காலாலும் வாசிக்கிற வாத்தியமாம். அதையே படிப்பாக எடுக்க வேண்டுமாம். "அப்பாகிட்ட நீங்க சொன்னா கேப்பாரு."

காலால வாசிக்கிறதுக்கா உங்கப்பன் அத்தனை பெட்டி தூக்குறான்? கேட்டேவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவள் அழவில்லை. "புதன்கிழமை நான் வாசிக்கிறேன். ஒரு தடவை வந்து கேளுங்க, அப்புறம் திட்டுங்க" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சரியாகச் சாப்பிடாமல் விடுதிக்குப் போனாள். நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 11, புதன்

போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மருமகளிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்குப் பல்கலைக்கழக வாசலில் கால் கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஆனால் உள்ளே யாரும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. ஒரு பையன் பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் எடுத்தே கையில் கொடுத்தான்.

முன்வரிசையில் உட்கார்ந்தேன். பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய பியானோ மாதிரி ஒன்று இருந்தது. அதன் முன்னால் காலி முக்காலி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அவள் வரவில்லை. எங்கிருந்தோ வாத்தியம் மட்டும் ஆரம்பித்துவிட்டது. வேறு யாரோ எங்கோ வாசிப்பதை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பயந்து ஓடிவிட்டாளா? நான் திட்டினதாலயா? ஐயோ, நான்தானே புள்ள மனச ஒடச்சேன் —

எல்லாரும் எழுந்து பாடினார்கள். மேடையில் பாடுகிறவர் என்று தனியாக ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு குரலில் பாடினார்கள், ஆனாலும் ஒன்றோடொன்று இடிக்கவில்லை. அந்த வாத்தியம் எல்லாரையும் அடியிலிருந்து தாங்கிப் பிடித்தது. கடைசியில் பாட்டு நின்று, அது மட்டும் தனியாகப் போயிற்று. காலடித் தரை லேசாக அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இப்போது என் கையைப் பிடித்திருப்பார் என்று ஏனோ தோன்றிவிட்டது. அழுதேன். யாரோ பெற்ற பிள்ளை இப்படி வாசிக்கிறது, நம்முடையது ஓடி ஒளிந்துகொண்டதே என்று வயிறும் எரிந்தது.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. அங்கே அது வழக்கமில்லையாம். திரும்பினால், பின்னால் மாடிப்படியில் பேத்தி இறங்கி வருகிறாள். கையில் ஒரு ஜோடி மெல்லிய தோல் ஷூ.

"எங்கடி போன? வேற யாரோ வாசிச்சுட்டாங்க. என்னமா வாசிச்சாங்க தெரியுமா?"

அவள் அந்த ஷூவைத் தூக்கிக் காட்டினாள். "நான்தான் பாட்டி. ஆர்கன் பின்மாடியிலதான் இருக்கு."

பிப்ரவரி 12, வியாழன்

நேற்றுப் போய்க் கேட்டதையும் அவள் ஆசையையும் மகனிடம் சொல்லிவிட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீரை நிறுத்தவே இல்லை.

"அம்மா, அவ தும்முனாகூட நீங்க சங்கீதம்னுதான் சொல்லுவீங்க."

"அவன்னு தெரியாமதான்டா கேட்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சு, பொறாமையோட கேட்டேன். அப்பவும் அழுகை வந்துச்சு."

"பாட்டு சோறு போடுமா?"

 தெரியாதுடா என்றுதான் சொன்னேன். மருமகள் வந்து குழாயை மூடினாள்.

பிப்ரவரி 14, சனி

அவனே போனான். ஆர்கன் டீச்சரைப் பார்த்தானாம். நரைத்த முடியைக் கிராப் வெட்டிக்கொண்ட அம்மா என்றான். மருந்துக்கடை அளவுக்கு இதில் சம்பளம் வராது என்று மூடி மறைக்காமல் சொன்னாராம். இசையை முதல் பாடமாகவும் வேதியியலை இரண்டாம் பாடமாகவும் சேர்த்தே படிக்கலாமாம். பக்கத்து ஊர்ச் சபை ஒன்று ஞாயிறுதோறும் வாசிக்க மாணவர்களைக் கேட்கிறதாம். இவளை அனுப்பலாம் என்றாராம்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன்." தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்தான். "நான் வந்தப்ப அந்தம்மா எழுந்து நின்னாங்கம்மா" என்றான் அங்கிருந்தே.

பிப்ரவரி 27, வெள்ளி

சொல்லிவிட்டாள். முதலில் இசை, இரண்டாவது வேதியியல். போனில் கேட்டுக்கொண்டு மகன் "ம்" என்றான்.  அவள் அதற்கப்புறமும் வைக்காமல் இருந்தாள். அவனும் வைக்கவில்லை.

மே 20, புதன்

விடுமுறை. வீட்டில் ஆர்கன் ஏது? சாப்பாட்டு மேஜையில் விரலை ஓட்டி, தரையில் வெள்ளைக் கோடு போட்டுக் காலால் மிதித்துப் பழகுகிறாள். சத்தமே இல்லாத பாட்டு. ஆனால் கீழ்வீட்டில் சத்தம் கேட்கும்போல. தையற்காரர் படியேறி வந்துவிட்டார்.

"என்னங்க, ரெண்டு மணி நேரமா தலைக்கு மேல தொம் தொம்முனு? யாராவது டான்ஸ் ஆடுறாங்களா?"

பேத்தி காலை இழுத்துக்கொண்டாள். நான் எழுந்திருப்பதற்குள் மகன் வாசலுக்குப் போய்விட்டான்.

"எம்பொண்ணு படிக்கிறாங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் காலடியில் தன் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டான்.