ஓடிப்போனவள் எழுதுவது

சின்னமனூர்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் மகாலட்சுமிக்கு அம்மா எழுதுகிறேன். உனக்கும் பேரனுக்கும் சுருளி வேலப்பர் துணை இருக்கட்டும். மற்றபடி சுகம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. வயிறு எரிந்து கிடக்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது மஸ்கட்டுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே பின்னால் மாப்பிள்ளை இருமுவது கேட்கிறது. போன தடவை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், அதுவும் எனக்குத் தெரியும். உத்தமபாளையம் ரெஹானா லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டு அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்தில்தானே அவள் டீச்சர். உன் கையில்தான் கொடுப்பாள். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "ஏம்மா இந்த வயசுல இப்படி? அப்பா தனியாக் கெடந்து கஷ்டப்படுறாக. அனுசரிச்சு வீட்டுக்குப் போங்க" என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். அந்தப் பதில்தான் இது. முழுசாகக் கேள். கேட்ட பிறகும் என்னை அந்த வீட்டுக்குப் போகச் சொல்ல உனக்கு வாய் வந்தால் சொல்.

நேபாளம் டூரில் பாதி வழியில் பெண்டாட்டி ஓடிவிட்டாள், மானம் போச்சு என்று உன் அப்பா கம்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். டீக்கடை வரைக்கும் இதுதான் பேச்சு. ஐம்பத்தாறு வயதில் நான் யாரோடு ஓடுவேன்? முட்டியில் தைலம் தேய்க்காமல் என்னால் பஸ் படி இறங்க முடியாது.

டூரைக் கிளப்பியவன் சுருளிராஜன். வருஷா வருஷம் நம் பக்கத்து ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றிக் காசிக்குக் கொண்டு போகிறவன். இந்தத் தடவை காசியோடு நேபாளமும் உண்டு, பிளேனில் போகிற காசில் கால்வாசி கூட ஆகாது, மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு என்று நோட்டீஸ் அடித்தான். சமையல்காரர்கள், அண்டா, சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் எங்களோடு பஸ்ஸிலேயே வந்தன. பெட்ரோல் பங்கில் குளியல், ரோட்டோரத்தில் ரசம் சாதம், உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கம். ஜன்னல் சீட்டு உன் அப்பாவுக்கு. எனக்கு நடைபாதைப் பக்கம். போகிறவன் வருகிறவன் எல்லாம் என் தோளில் இடித்துக்கொண்டு போனான். அதற்கெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் நெருக்கிக்கொண்டு குமுளி மலை ஏறினவள் நான். சொல்லப் போனால் கங்கையில் முங்கி எழுந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரோடு நான் போன முதல் வெளியூர் அதுதான்.

சுனௌலி என்று ஒரு ஊர். இந்தப் பக்கம் நம் நாடு, ஒரு அலங்கார வளைவைத் தாண்டினால் நேபாளம். லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன, ஒரே தூசி. பஸ்ஸுக்குப் பர்மிட் வாங்க வேண்டும் என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். காவலுக்கு நின்றவர் ஒவ்வொருவர் அட்டையாக வாங்கிப் பார்த்தார். நான் ஆதாரை நீட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். சுருளிராஜன் ஓடி வந்து, "அக்கா, அது இங்கன செல்லாது, ஓட்டு அட்டையக் குடுங்க" என்றான். நான் உன் அப்பாவைத் தேடினேன். அவர் தன் அட்டையைக் காட்டிவிட்டு அதற்குள் வளைவுப் பக்கம் போய் நின்றிருந்தார்.

நம் வீட்டு அட்டைகள் எல்லாம் அவர் பீரோவில் இருப்பது உனக்குத் தெரியும். சாவி அவர் இடுப்பில். இரண்டு அட்டையும் கொண்டு வர வேண்டும் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அதை வாசித்துக் காட்டியதே அவர்தான். ரேஷன் கடைக்காகக் கொடுத்த ஆதார் மட்டும் என் பர்ஸில் இருந்தது. கிளம்புவதற்கு முன்பே கேட்டேன், என் ஓட்டு அட்டையை எடுத்தீர்களா என்று. "எல்லாம் எடுத்தாச்சு, நீ ஊறுகாய் டப்பாவ ஒழுங்கா மூடு" என்றார். இப்போது அந்த வெயிலில் நின்று கேட்கிறேன், எங்கே என் அட்டை என்று. அதற்கு அவர் சொன்னார்: "என்னோடத எடுத்தப்ப உன்னோடதும் எடுத்த மாதிரியே இருந்துச்சு."

இந்தப் பேச்சை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். முப்பத்தைந்து வருஷம் அந்த வீட்டில் நான் என்னவாக இருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊரில் யாரிடமாவது சொல்லி அட்டையைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லலாமா என்று சுருளிராஜன் கேட்டான். சாவி உன் அப்பா இடுப்பில் அல்லவா தொங்குகிறது. கூட்டத்தோடு கூட்டமாக நடந்து விடலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார். காவல்காரர் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டார், வம்பு வேண்டாம் என்று சுருளிராஜனே தடுத்துவிட்டான்.

சரி, மறந்துவிட்டார். மனுஷன் மறக்கிறதுதான். அதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. அடுத்து நடந்ததற்காகத்தான் வந்தேன். உன் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ரெண்டு பேருக்கும் காசு கட்டியாச்சு. ஒருத்தராச்சும் பாத்துட்டு வரணும்ல. நீ இங்கன லாட்ஜுல இரு, நாலு நாள்ல திரும்பிருவோம்" என்றார். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அல்லிநகரத்துச் சங்கிலியம்மாள் மட்டும், "அண்ணே, பாஷை தெரியாத ஊர்ல பொம்பளைய ஒத்தையிலயா விட்டுட்டுப் போறீக?" என்று கேட்டாள். "அவ என்ன பச்சப்புள்ளயா?" என்றார் அவர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி. நடுரோட்டில் அதைத் திறந்து என் சேலை இரண்டை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். வளைவுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

லாட்ஜ் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. கட்டிலை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஆண்கள் குரல் கேட்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு, அதை மட்டும்தான் கையைக் காட்டிக் கேட்க முடிந்தது. அன்று சாயங்காலம் உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். அழுதேன். "அவரக் கேட்டுட்டுக் கூப்பிடுறேம்மா" என்று சொல்லி வைத்தாய். கூப்பிடவே இல்லை. அப்போது உன் மேல் வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது.

மறுநாள் சுருளிராஜன் போனில் இருந்து உன் அப்பா பேசினார். சாப்பிட்டாயா, பயமாக இருந்ததா, ஒன்றும் கிடையாது. "பிரஷர் மாத்திரையப் பெட்டியில எங்கன வச்ச?" என்று கேட்டார். சொன்னேன். "இங்கன மலையெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. உனக்குத்தான் பாக்கக் குடுத்து வைக்கல" என்றார். போனை வைத்த கையோடு இரண்டு சேலையையும் கேரி பையில் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஓடவில்லை, மகா. ஊருக்குப் போகிறேன் என்று தமிழில் எழுதி, லாட்ஜ்காரரிடம் கொடுத்து, பஸ் திரும்பி வரும் என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அதை வாசித்தவர்தான் என்னை ஓடிப்போனவள் என்கிறார்.

கண்டக்டர்கள் கோரக்பூர் கோரக்பூர் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஏறிவிட்டேன். கோரக்பூர் ஸ்டேஷனைப் பார்த்ததும் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டேன். அவ்வளவு கூட்டம், ஒரு எழுத்துப் புரியவில்லை. மூலையில் நின்றவளுக்கு யாரோ ஒருத்தி பிள்ளையை மலையாளத்தில் திட்டுவது காதில் விழுந்தது. நேரே அவள் முன்னால் போய் நின்று, "மோளே, ஞான் கம்பத்துக்காரி" என்றேன். தோட்டத்தில் கங்காணியிடம் ஏச்சு வாங்கிக் கற்ற மலையாளம் அங்கே சோறு போட்டது. அவள் கோட்டயத்துக்காரி. புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான், லீவுக்கு ஊருக்குப் போகிறார்கள். அந்தப் பட்டாளத்துப் பையன் டிக்கெட் பரிசோதகரிடம் எனக்காக மன்றாடினான். அவள் தன் பெர்த்தில் பாதியை எனக்குக் கொடுத்தாள். பெயர் தெரியாதவள் எனக்கு இடம் கொடுத்தாள். என்னோடு வாழ்ந்தவர் ஒரு பெட்டியைக்கூட என்னிடம் விட்டுப் போகவில்லை.

எர்ணாகுளத்தில் இறங்கி, பஸ் பிடித்துக் குமுளி வந்து, மலை இறங்கினேன். கம்பத்தில் பஸ் நின்றது. நான் இறங்கவில்லை. கண்டக்டரிடம் மேற்கொண்டு ஒரு டிக்கெட் வாங்கிச் சின்னமனூர் வந்து உன் சித்தி மூக்கம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "இங்கனயே கெட. எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன்" என்றாள். இப்போது வாழைக்காய் மண்டிக்கு வேலைக்குப் போகிறேன். யாருக்கும் பாரம் இல்லை.

உன் அப்பா இன்று வரை இந்த வாசலுக்கு வரவில்லை. ஆள் அனுப்புகிறார். நேபாளத்தில் வாங்கியது என்று ஒரு ருத்ராட்ச மாலையைக் கொடுத்தனுப்பினார். அதை வந்தவர் கழுத்திலேயே போட்டு அனுப்பிவிட்டேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நானே கம்பத்துக்குப் போனேன். சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைத்தார். என் அட்டைகளைக் கொடுங்கள் என்றேன். "அது இங்கன இருந்தாத்தான் பத்திரம்" என்றார். கொடுக்கிற வரை போக மாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்தேன். தெருவே வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் பீரோவைத் திறந்தார். என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே என் பதில் இது. என்னை விட்டுவிட்டுப் போனது தப்பு என்று அவர் இந்த வாசலில் நின்று சொல்லட்டும். அன்றைக்கு யோசிக்கிறேன். அதுவரை போக மாட்டேன். நீ சொன்னாலும் போக மாட்டேன். யார் சொல்லிக் கொடுத்து நீ சொன்னாலும் போக மாட்டேன்.

உன் மேல் கோபம் வந்தது என்று எழுதினேன். அது ரயில் ஏறும் வரைக்கும்தான். படுத்துக்கொண்டு யோசிக்க யோசிக்க எனக்கு வேறு ஒன்று புரிந்தது. பெற்றவள் நடுத்தெருவில் நின்று அழுகிறாள், திருப்பிக் கூப்பிடக்கூட என் பிள்ளை ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று வருஷமாக நீ ஊருக்கு வரவில்லை. மூக்கம்மாள் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. லீவு இல்லை, டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளைதான் சொல்கிறார். உன் வாயால் நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்பா வீட்டில் பார்த்ததை எல்லாம் சாதாரணம் என்று நினைத்து நீ வளர்ந்துவிட்டாய். அனுசரித்துப் போ, அனுசரித்துப் போ என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். இனிமேல் சொல்ல மாட்டேன்.

உன் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, மகா? பேரனுடையது யாரிடம் இருக்கிறது? கேட்டால் கொடுப்பாரா?

நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த நாட்டுக்கும்மா போறீக, வேலைக்கா?" என்று கேட்டார். மகள் வீட்டுக்கு என்று சொன்னேன். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார். போகும்போது நான் ஒருத்திதான், வரும்போது மூன்று பேர் என்று சொல்ல வாய் வரை வந்தது. உன்னைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

நீ நன்றாக இருக்கிறாய் என்றால் அதைவிட எனக்கு வேறு வரம் இல்லை, தாயி. இல்லை என்றால் விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். வாங்க என்று ஒரு வார்த்தை ரெஹானாவிடம் சொல்லி அனுப்பு, போதும்.

உன்னைப் பெற்றவள்,
அய்யம்மாள்.