இரண்டாம் பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன்னிடம் வந்துவிட்ட உன் அம்மாவும் நலமாக இருக்கிறீர்கள் என்பதை உன் வக்கீலம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், அதுவும் நானாகக் கேட்டால். நீங்கள் இருவரும் என் போனை எடுப்பதில்லை. குறை சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது. சமையல் கைவந்துவிட்டது, அளவுதான் வரவில்லை. ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது இந்த எட்டு மாதத்தில் பிடிபடவே இல்லை, மிஞ்சியதை மறுநாளும் தின்கிறேன். டி.வி.யை நிறுத்தினால் வீடு காதை அடைக்கிறது, அதனால் பார்க்காமலேயே ஓடவிடுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரர், "என்ன சார், வீட்ல விருந்தாளியா, ஒரே பேச்சுச் சத்தமா இருக்கு?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உன் மாமாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். "தங்கமான இடம், கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்" என்று இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த மனிதர். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தேன். "ஏன் மச்சான், கோர்ட்டு கேசுன்னு அலைஞ்சா யாருக்கு அசிங்கம்?" என்றார். எதிர்ச்சாரிக்குப் போய்விட்டேன். நீ புகார் கொடுத்தபோது "குடும்பம்னா நாலும் இருக்கும், பேசித் தீத்துக்கோங்க" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினாரே அந்த இன்ஸ்பெக்டர், அவரையும் நான் மறக்கவில்லை.

வழக்கு எங்கே நிற்கிறது என்று உனக்குத் தெரியும். கார் கேட்கவே இல்லை, நீ வீட்டைவிட்டுப் போன பிறகு கட்டிய கதை என்கிறார்கள் உன் மாமனாரும் அந்தப் பயலும். வரதட்சணை கேட்பது குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது, கேட்டதைக் காட்டு என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. நாலு சுவருக்குள் கேட்டதை எங்கே போய்க் காட்டுவது? வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டு, "அங்க இருக்கும்போதே அவ யார்கிட்டயாவது சொன்னாளா? எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. உன் போனை மாமியார் பிடுங்கி வைத்திருந்த நாட்களில், பால் வாங்கப் போகிற சாக்கில் நீ தபாலில் போட்ட மூன்று கடிதங்களும் என்னிடம் இருந்தன. உன் அறை மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டு, "உங்கப்பன் காரு வரட்டும்டி, அப்புறம் உனக்குக் காத்து வரும்" என்று அந்த அம்மாள் சொன்னதைக்கூட நீ எழுதியிருந்தாய். அலுவலகப் பதிவறையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவன், வந்த கடிதத்தை எறிய மாட்டேன், போகும் கடிதத்துக்கு நகல் வைக்காமல் அனுப்ப மாட்டேன். நீயும் அம்மாவும் இதைச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அதனால் நான் உனக்கு எழுதிய பதிலின் நகலும் இருந்தது. அசலை நீ கிழித்துப் போட்டுவிட்டாயாம். நகலைப் பார்த்த அன்றுதான் உன் அம்மா பெட்டியைத் தூக்கினாள். என் கோப்பை அவள் கிளறியதைத்தான் நான் பெரிய குற்றமாகப் பிடித்துக்கொண்டேன். வக்கீலம்மாவிடம் முதல் பக்கத்தை மட்டும் கொடுத்தேன். உன் மாமனார் என்னிடம் நேரிலேயே கார் கேட்டதும், நான் ஆறு மாதம் அவகாசம் கேட்டதும் அதில் இருக்கின்றன, போதாதா? வக்கீலம்மா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேதியெல்லாம் போட்டிருக்கீங்க, கையெழுத்து எங்க சார்?" என்றார். அடுத்த பக்கம் தொலைந்துவிட்டது என்றேன். இரண்டு நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'பொறுத்துப் போ. எக்காரணம் கொண்டும் பெட்டியோடு வந்து நம் வாசலில் நிற்காதே.' கீழே என் கையெழுத்து, அதற்கும் கீழே 'நகல்: கோப்புக்கு'. அவர் கண்ணாடியைக் கழற்றி, "பொண்ணுக்கு எழுதினதா சார் இது, இல்ல உங்க ஆபீஸ் கிளார்க்குக்கா?" என்றார். அப்புறம், இதைவிடப் பலமான சாட்சி நமக்கு இல்லை, ஆனால் கூண்டில் ஏறி நானே வாசிக்க வேண்டியிருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பக்கத்தை வைத்தே என்னைக் கிழிப்பார் என்றார். கிழிக்கட்டும். இந்த வரியால்தானே நீ இங்கே வராமல் ஒன்பது மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஊருக்குப் போனாய். அடுத்தவர்கள் எனக்குச் செய்ததற்குத்தான் கோப்பு வைத்திருக்கிறேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

விசாரணை வரும் புதன்கிழமை. இரண்டு பக்கத்தையும் வாசிப்பேன். நீ வந்தால் பின்வரிசையில் உட்கார், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாசிக்க என்னால் முடியாது. நான் காலையிலேயே கிளம்பிவிடுவேன், சாவி தையல்காரரிடம் இருக்கும், பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வா. அம்மாவும் வந்தால் மூன்று பேருக்கு அரிசி போடுகிறேன், அந்த அளவு எனக்குத் தெரியும். வராவிட்டாலும் நன்றாயிரு அம்மா. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து நிம்மதியாகத் தூங்கு.

உன் அப்பா

பி.கு.: இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை.