மாலைவரை இருந்தவள்

கான்பூர்
டிசம்பர் 1979

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? இங்கே குளிர் ஜாஸ்தி. தோல் ஊறும் தொட்டியில் கை வைக்க முடியவில்லை.

ஆம்பூர் போய்வந்த தேவானந்தம் நேற்று கேண்டீனில் கேட்டான். அவன் அக்கா டோரதி நம் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "இன்னாபா, உன் பொண்ணுக்கு எங்கக்காதான் ஞானஸ்நானம் கொடுத்துச்சாம். நீ சொல்லவேயில்ல?"

இறந்தே பிறந்தது என்றுதானே தந்தி அடித்தீர்கள்? இறந்து பிறந்த குழந்தைக்கு நம் சபையில் ஞானஸ்நானம் கிடையாது. உயிருக்குப் போராடும் குழந்தைக்குத்தான் அவசரத்துக்கு நர்ஸே கொடுப்பாள்.

மீதியையும் அவனிடமே கேட்டேன். ஆறாம் மாதத்தில் பிறந்தவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம், பிழைத்தாலும் பார்வை போகலாம் என்றாராம் டாக்டர். "வேணாம் டாக்டர், அத்த கஷ்டப்படுத்தாதீங்க" என்றீர்களாம். மாலைவரை மூச்சு இருந்ததாம்.

நானும் அதையே சொல்லியிருப்பேனோ என்னவோ. என்னை யாரும் கேட்கவில்லை. பெற்றவள் ஜெயபுஷ்பத்துக்காவது தெரியுமா? அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய கம்பளியைக் கொடுத்தனுப்புங்கள். கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

ஞானஸ்நானத்தில் அவளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதையாவது மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகன்
சத்தியநாதன்